எஸ்தர் கையெழுத்திட்ட பதினோரு அறிக்கைகள்

புனேயில் விஷ்ராந்த்வாடியிலிருந்து லூனா மொபெட்டில் கிளம்பினால் திகி வழியாகப் போசரிக்கு இருபத்தைந்து நிமிஷம். 1994 ஜனவரியில் ஒரு காலை, காலடியில் சாம்பிள் பெட்டியை இடுக்கிக்கொண்டு எஸ்தர் அப்படித்தான் போனாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. அப்பா தங்கராஜ் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் குடியாத்தம் பக்கம்; ஆனால் இரண்டு தலைமுறையாகப் புனேதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கல்லூரியில் மராத்தியும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை அவள் வாசிப்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும்.

கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்ததும் சிஞ்ச்வடில் சந்தானம் என்பவர் நடத்திய பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தொழிற்சாலைகளில் ஆட்கள் மூச்சில் இழுக்கும் காற்றில் என்னென்ன விஷம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்கிற வேலை. கேட்கக் கௌரவமாக இருந்தது. "என் பொண்ணு கையெழுத்து போட்டாத்தான் கம்பெனி ஓடும்" என்று தங்கராஜ் சர்ச் வாசலில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

அளப்பதில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன பம்ப். அதை வேலையாளின் பெல்ட்டில் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முதுகு வழியாக ஏறித் தோளைத் தாண்டி வந்து, சட்டைக் காலரில் செருகிய ஒரு டப்பியில் முடியும். டப்பிக்குள் வட்டமான வெள்ளை வடிதாள். ஆள் மூக்கால் எதை இழுக்கிறானோ அதையே அந்தத் தாளும் நாள் முழுக்க இழுக்கும். சாயங்காலம் தாளை எடுத்து வந்து சோடாக் கரைசலில் சுடவைத்து, வடிகட்டி, அமிலம் சேர்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால், குரோம் இருந்தால் ஊதா நிறம் எழும். எவ்வளவு அடர்த்தியான ஊதாவோ அவ்வளவு விஷம். அந்த அடர்த்தியை மெஷின் எண்ணாகச் சொல்லிவிடும். சட்டம் ஒத்துக்கொள்ளும் எல்லை, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் பட்டறைக்காரன் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் டப்பியை யார் காலரில் செருகுவது? அதில்தான் எல்லாம் இருந்தது.

போசரியில் இருந்தது குரோம் முலாம் பூசுகிற பட்டறை. மோட்டார் சைக்கிள் பம்பர், கைப்பிடி, சைலன்சர் மூடி, எல்லாம் அங்கே போய்ப் பளபளப்பாகி வரும். மேனேஜர் ஜக்தாப் அவளை வாசலிலேயே எதிர்கொண்டார். "பஸா பஸா, மேடம்" என்று மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார். தட்டில் பாக்கர்வடி, கோப்பையில் இஞ்சி போட்ட சாய். பம்பை அவரே வாங்கி, ஸ்டோர் குமாஸ்தாவைக் கூப்பிட்டு மாட்டினார். முலாம் தொட்டிகளிலிருந்து நாற்பது அடி தள்ளிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற மனுஷன் அந்தக் குமாஸ்தா. அன்றைக்கு ஆறு தொட்டிகளில் இரண்டுதான் ஓடின. அவையும் கரண்டைக் குறைத்து வைத்ததால் விஷப்புகை கிளப்பும் குமிழி விடாமல் குளம் மாதிரி கிடந்தன.

எஸ்தருக்கு இது புரியாமல் இல்லை. திரும்பி வந்து சந்தானத்திடம் சொன்னாள்.

சந்தானம் மயிலாப்பூரிலிருந்து வந்தவர். கோபித்து யாரும் பார்த்ததில்லை. "இதோ பாரும்மா எஸ்தர், யாருக்கு மாட்டணும்னு கிளையண்ட் சொல்லுவா. அளக்கறது மட்டும்தான் நம்ம வேலை. உன் தாள்ல வந்த நம்பர் நெஜமா பொய்யா?"

"நெஜம்தான் சார். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா?"

0.01 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே பட்டறை, இதே குமாஸ்தா, இதே பாக்கர்வடி. 0.01, 0.02, மறுபடி 0.01. நாலைந்து தடவைக்குப் பிறகு உறுத்தல்கூட இல்லை. பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

1999 ஜனவரியில் அவள் பதினொன்றாவது தடவையாகப் போனாள். அலுவலகத்துக் கழிவறையில் தண்ணீர் வரவில்லை. பின்கட்டில் இருப்பதற்குப் போவதென்றால் தொட்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. தரை முழுக்க மஞ்சள் தண்ணீர். சுவர்களில் ஆரஞ்சு நிறத்தில் பாசி மாதிரி ஏதோ ஏறியிருந்தது. நாக்கில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. கால் வழுக்கியது.

"ஐயோ, கர்த்தாவே!"

தொட்டியருகில் நின்ற ஆள் சட்டென்று திரும்பினான். "தமிழா மேடம் நீங்க?"

அவன் பெயர் கந்தசாமி. திருக்கோவிலூர் பக்கம். காண்ட்ராக்டில் ஒன்பது வருஷமாக அந்தத் தொட்டியில் இரும்பைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். புறங்கைகளில் யாரோ சூட்டுக்கோலால் குத்தியது போல வட்ட வட்டமாகக் குழிகள். நகங்கள் புகையிலை நிறத்தில்.

"வருஷத்துக்கு ரெண்டு வாட்டி பொட்டியோட வருவீங்களே, அது இன்னா மேடம் மிஷினு?"

"நீங்க மூச்சு இழுக்கிற காத்துல எவ்ளோ மருந்து கலந்திருக்குன்னு பாக்கறதுண்ணா."

கந்தசாமி சிரித்தான். பக்கத்துத் தொட்டி ஆட்கள் இருவரையும் பார்த்துக் கண்ணடித்தான். "அதுக்கு எதுக்கு மேடம் மிஷினு? இத பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டின் சிவப்பு நூலை உருவினான். நுனியை எச்சிலில் நனைத்து முறுக்கி வலது மூக்குத் துவாரத்தில் விட்டான். தலையை ஒருபுறமாய்ச் சாய்த்தான். இடது துவாரத்தில் விரலை விட்டு நோண்டி நுனியைப் பிடித்து வெளியே இழுத்தான். பிறகு இரண்டு கையாலும் நூலின் இரண்டு நுனியைப் பிடித்து, சாக்குத் தைக்கிறவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக் காட்டினான். நூலில் பழுப்பு மஞ்சளாய்ப் பொறுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. மற்ற இருவரும் உரக்கச் சிரித்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவர்கள் காட்டும் வேடிக்கை அது.

எஸ்தர் அமில டிரம்முக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தாள். காலையில் ஜக்தாப் கொடுத்த பாக்கர்வடி அப்படியே வந்தது. அது மஞ்சள் தண்ணீரில் மிதந்தது.

கந்தசாமி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வலியெல்லாம் இல்ல. ஓட்ட விழற வரைக்கும்தான் வலி. விழுந்துட்டா ஒண்ணுந் தெரியாது. வாசனைதான் போயிடும்."

"எத்தினி பேருக்கு இப்டி?"

"இங்க யாருக்கு இல்ல?"

அன்று குமாஸ்தாவின் காலரிலிருந்து எடுத்த தாளில் 0.02 வந்தது. எஸ்தர் அதிலும் கையெழுத்துப் போட்டாள். இதை அவள் பின்னாளில் யாரிடமும் மறைத்ததில்லை. நூலைப் பார்த்தாள், வாந்தி எடுத்தாள், மறுநாள் பேனாவை எடுத்துக் கையெழுத்தும் போட்டாள். பிறகு கழிவறையில் நின்று கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். வீட்டில் அம்மா வைத்த மீன் குழம்பின் மஞ்சளைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கண்ணாடி முன் நின்று தன் மூக்கைப் பார்ப்பதுகூட அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. அருவருப்பு பட்டறையின் மேல் மட்டும் என்றால் லூனாவைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். அது அவளோடு வீட்டுக்கு வந்து, அவளோடு படுத்து, அவளோடு எழுந்தது.

போசரியில் வியாழக்கிழமைதான் தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை. ஆனால் அந்தப் பட்டறை வியாழக்கிழமைகளில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஆறு தொட்டியையும் ஓட்டும். சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று புகைபோக்கி விசிறியை நிறுத்திவிடுவார்கள். இதைக் கந்தசாமிதான் சொன்னான். மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, லாண்டேவாடியில் ஒரு சாய் கடைக்குப் பின்னால் வைத்து எஸ்தர் அவன் பெல்ட்டில் பம்பை மாட்டினாள். டப்பியைக் காலரில் செருகி மேலே ஒரு துண்டைப் போடச் சொன்னாள், டப்பியின் வாய் மட்டும் வெளியே தெரியும்படி.

"இந்த பட்டன அமுத்துனா ஓடும். ஓட ஆரம்பிச்ச டைம், நிறுத்துன டைம், ரெண்டையும் மனசுல வச்சுக்கணும். கையால டப்பிய தொடக் கூடாது."

"இதனால இன்னா ஆவும்?"

"நெஜமான நம்பர் கெடைக்கும்ண்ணா."

"கெடச்சா?"

எஸ்தர் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவன் பட்டனை அமுத்திவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தான்.

ஏழு மணி நேரம் ஓடியது. சாயங்காலம் டப்பியைத் திறந்தபோது வெள்ளைத் தாள் எலுமிச்சை நிறத்தில் இருந்தது. ஐந்து வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் வெள்ளைத் தாள்கள். மறுநாள் கரைசலில் மருந்துத் துளி விழுந்ததும் குப்பி முழுதும் கத்தரிக்காய்த் தோல் நிறமாகிவிட்டது. மெஷினால் படிக்க முடியாத அடர்த்தி. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் படித்தாள். நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள். 0.61. எல்லையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. தன் நோட்டில் தேதி, நேரம், கந்தசாமியின் பெயர், கணக்கு எல்லாவற்றையும் எழுதிச் சந்தானத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "கணக்கு சரியா இருக்கு. நல்ல வேலை பண்ணியிருக்கே" என்றார். "ஆனா யார் இதைக் கேட்டா?"

"யாரும் கேக்கலை சார்."

"கிளையண்ட் சொல்லாத நாள்ல, கிளையண்டுக்குத் தெரியாம, ஒரு காண்ட்ராக்ட் ஆள் கையில பம்பைக் குடுத்திருக்கே. அவனே அந்தத் தாளைத் தொட்டில முக்கி எடுத்திருந்தா? இதை வெச்சுண்டு எந்த ஆபீஸ்லயும் நிக்க முடியாதும்மா." குரலில் கடுமையே இல்லை, பையனுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித்தருகிற வாத்தியார் மாதிரி இருந்தது. "நீ சின்னப் பொண்ணு. மனசு எளகிடுத்து. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் தாண்டுவதற்குள் போன் சுழற்றும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அவர் இந்தியில், அதே மரியாதையான குரலில் பேசியது முழுதும் அவள் காதில் விழுந்தது. "ஜக்தாப் சாஹேப், உங்களிடம் ஒரு மதராசி ஆள் இருக்கிறானாமே. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்." நடுவில் சிரிப்பு வேறு. ஜக்தாப் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் விசாரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை கந்தசாமியின் கேட் பாஸ் ரத்தானது. எஸ்தர் அந்த வாரமே வேலையை விட்டாள். சந்தானம் அவளுக்கு நல்ல நடத்தைச் சான்றிதழ் கொடுத்தார். அதை அவள் வீட்டுக்கு வருகிற வழியிலேயே கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

லாண்டேவாடியில் கந்தசாமியின் குடிசையைத் தேடிப் போனபோது அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போனா போவுது வுடும்மா" என்றான். மேடம் என்ற சொல் அன்றோடு போயிற்று. "இன்னொரு எடத்துல கேட்டேன். கையப் பாத்தான், மூக்கப் பாத்தான், வேணாம்னுட்டான்."

எஸ்தர் அவனை ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் காது மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, நடுச்சுவரில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை இருப்பதாகவும் அது குரோமால் வந்தது என்றும் எழுதிக்கொடுத்தார். கேம்ப் பகுதியில் சலீம் என்று ஒரு தொழிலாளர் வக்கீல். அவர் வழக்குப் போட்டார். பட்டறைத் தரப்பு ஒரே பதில் சொன்னது: எங்கள் காற்று சுத்தம், இதோ அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தின் பதினோரு அறிக்கைகள். பதினொன்றிலும் எஸ்தரின் கையெழுத்து.

வழக்கு இழுத்து இழுத்து 2002-ல்தான் சாட்சிக்கு வந்தது. அதற்குள் எஸ்தருக்குச் சிஞ்ச்வடில் ஒரு சோப்புக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. சலீம் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார், இந்தியில்: "உன் நோட்டை நான் கொடுப்பேன். அவர்கள் அந்தப் பதினொன்றையும் உன் முகத்துக்கு நேராக நீட்டுவார்கள். எது பொய் என்று கேட்பார்கள். நீ வராவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, அந்த போசரி ரிப்போர்ட்டுங்கோ. எல்லாம் பொய்ப்பா. தெரிஞ்சேதான் போட்டேன்."

தங்கராஜ் சப்பாத்தியைப் பிய்த்த கையை நிறுத்தினார். "எத்தினி?"

"பதினொண்ணு."

அவர் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனவர் திரும்பிச் சாப்பிட உட்காரவில்லை. ஆனால் விசாரணை நாளன்று காலை இஸ்திரி போட்ட சட்டையோடு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார். "ரிக்‌ஷா சொல்லிட்டேன். வா."

பட்டறைத் தரப்பு வக்கீல் அறிக்கைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். பதினோரு தடவை ஆமாம் என்றாள். சந்தானம் பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வந்தவர் போல அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்படியானால் இந்த நோட்டில் இருக்கும் 0.61 உண்மை என்றால், நீங்கள் பதினோரு தடவை பொய் சொன்னீர்களா?"

"ஆமாம். பதினொன்றும் பொய். விஷம் இல்லாத இடத்தில் இருந்தவர் மேல் பம்பை மாட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டு சாய் குடித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்."

வக்கீல் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நீதிபதி தலையை நிமிர்த்தி, அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். எஸ்தருக்கு நிம்மதியெல்லாம் வரவில்லை. ஐந்து வருஷ அழுக்கை எல்லார் முன்னாலும் கக்கிவைத்தது போலத்தான் இருந்தது.

மறுவருஷம் தீர்ப்பு வந்தது. கந்தசாமியின் மூக்கு தொழிலால் கெட்டது என்று எழுதி இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். சந்தானத்தின் கூடத்துக்கு அங்கீகாரம் போயிற்று. ஆறே மாதத்தில் மைத்துனர் பெயரில் இன்னொன்று திறந்தார். பட்டறை குரோம் வேலையைக் கைவிட்டதாக எழுதிக்கொடுத்தது. அந்த ஆறு தொட்டிகளும் டெம்போவில் ஏறிச் சாக்கன் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனதைக் கந்தசாமி தன் கண்ணாலேயே பார்த்தான். பொய் அறிக்கை எழுதிய பெண் என்று மராத்திப் பேப்பரில் எஸ்தரின் பெயர் வந்ததால் சோப்புக் கம்பெனி அவளை வேண்டாமென்றது. விஷ்ராந்த்வாடியிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். காலையில் வரிசையாக மூத்திரக் குப்பிகள், சளிக் குப்பிகள். புதிதாக வந்த பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். எஸ்தருக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை.

வழக்குக்காகப் பட்டறை கொடுத்த காகிதங்களில் ஆட்கள் பட்டியல் ஒன்று இருந்தது. அந்த ஐந்து வருஷத்தில் தொட்டிகளில் வேலை பார்த்தவர்கள் பத்தொன்பது பேர். "எனக்கு நஷ்டஈடு எழுதிட்டாங்க. மத்தவனுங்களுக்கு?" என்று கந்தசாமி கேட்டான். அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவன் சைக்கிளிலும் அவள் லூனாவிலுமாக லாண்டேவாடி, நிக்டி, காளேவாடி என்று தேட ஆரம்பித்தார்கள். சோலாப்பூருக்கும் ஒரிசாவுக்கும் போனவர்களுக்குச் சலீம் கடிதம் எழுதினார். பாதி அப்படியே திரும்பி வந்தன. 2005 முடிவதற்குள் ஏழு பேர் கிடைத்தார்கள்.

எட்டாவது வீடு நிக்டிக்கு வெளியே ஒரு ஒண்டிக்குடித்தன வரிசையில் இருந்தது. கதவைத் திறந்த மராத்திப் பெண் கந்தசாமியை அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டாள். புருஷன் இறந்து இரண்டு வருஷமாகிறது என்றாள். நுரையீரலில் கட்டி. எஸ்தர் தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"எஸ்தர் தங்கராஜா? கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டியிருப்பார்களே, அந்த எஸ்தரா?"

அறிக்கைகளைப் பட்டறை வாசலில் ஒட்டினார்கள் என்பது எஸ்தருக்கு அதுவரை தெரியாது.

"மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது, வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னார்" என்றாள் அந்தப் பெண். "நான்தான் விடவில்லை. படித்த பொண்ணு ஒருத்தி மெஷின் வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறாளே, உனக்கு என்ன வந்தது என்று திட்டி அனுப்பினேன்." அவள் வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். துப்பியது எஸ்தர் வாசலில் கழற்றியிருந்த செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

கந்தசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். எஸ்தர் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவே அவளுக்குக் கூசியது. பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பெண்ணின் புருஷன் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்தத் தொட்டியில் நின்றான் என்று மராத்தியில் கேட்டாள். அந்தப் பெண் நோட்டையும் எஸ்தரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எழுது" என்று சொல்லி வருஷங்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.